செட்டிநாட்டுக் கொல்லையில் கோழிக்கான மேய்ச்சல் பச்சை: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில், பின்கட்டை ஒட்டிய கொல்லையில் பத்துப் பதினைந்து சிறுவிடை நாட்டுக்கோழிகளை வைத்துக்கொண்டு அவற்றுக்குப் பருவத்துக்கேற்ற பச்சை வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கண்ணில் படும் அறிகுறிகளின்படி கீழே பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் பணம் பிடிக்கும் காரணம் கடைசியிலும் வரும். அந்த வரிசையிலேயே பார்த்து வருவது நல்லது. ஏனென்றால் இந்தச் சரளைச் செம்மண்ணில் விதையைக் குறை சொல்லி மறுபடி விதை வாங்குபவர்களில் பலருக்கு விதையில் குறையே இருப்பதில்லை.

அறிகுறி 1: விதைத்துப் பத்து நாளாகியும் முளை தெரியவில்லை

கம்பும் தட்டைப்பயறும் ஈரம் இருந்தால் ஐந்து நாளுக்குள் தலைகாட்டிவிடும். பயறு வகைத் தீவனச் செடிகளான முயல்மசாலும் வேலிமசாலும் மெதுவாகவே வரும். எதை விதைத்திருந்தாலும், பாத்தியில் மூன்று இடங்களில் களைக்கொத்தியால் இரண்டு விரல் ஆழத்துக்கு மண்ணைப் பக்குவமாக நீக்கி, விதை என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த முடிவுக்கு வரவேண்டும்.

விதையே இல்லை என்றால்

கீரை, கேழ்வரகு, முயல்மசால் போன்ற சிறு விதைகளை எறும்பு ஒரே இரவில் கொண்டுபோய்விடும். பாத்தியின் ஓரத்தில் எறும்புச் சாரை தெரிகிறதா என்று காலையில் பாருங்கள். மறுமுறை விதையை மணலோடு கலந்து தூவி, பாத்தியைச் சுற்றிலும் சிறிது ரவையோ அரிசி நொய்யோ தெளித்து வைத்தால், எறும்பு அதை இழுத்துக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று நாளில் விதை முளைவிட்டுவிடும். எறும்பு இல்லையென்றால் புறாவும் மைனாவும் உங்கள் கோழியும்தான் காரணம். சீமைக்கருவேல முள்ளையோ பழைய கீற்றையோ மேலே பரப்பி, முளை தெரிந்ததும் கீற்றை மாலை வேளையில் எடுத்துவிட வேண்டும்.

விதை அப்படியே கிடக்கிறது என்றால்

மண் உலர்ந்திருந்தால் காரணம் ஈரக்குறைவுதான். மண்ணில் ஈரம் இருந்தும் முயல்மசாலோ வேலிமசாலோ உப்பாமல் கிடந்தால், அவற்றின் கெட்டியான தோல் நீரை உள்ளே விடவில்லை என்று பொருள். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சற்று ஆறி ஏறத்தாழ 80 டிகிரிக்கு வந்ததும் விதையை அதில் 4 நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே விதையைப் போட்டால் அது வெந்துவிடும்.

முளை வந்து, மேலே வர முடியாமல் வளைந்து கிடக்கிறது என்றால்

இதுவே நம் பக்கத்தில் மிகுதியாகக் காணப்படும் குறை. செம்மண்ணில் பெருமழை அடித்து அடுத்த நாள் வெயில் காய்ந்தால் மேல்மண் பொருக்குத் தட்டி இறுகிவிடும். மெல்லிய முளையால் அதைப் பிளந்து வர இயலாது. பூவாளியால் லேசாக நனைத்து, பொருக்கைக் கையாலோ விளக்குமாற்றுக் குச்சியாலோ உடைத்துவிட்டால் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். ஆனால் இரண்டு நாள் தாமதித்தாலும் முளை மஞ்சளாகிச் செத்துவிடும். அடுத்த விதைப்பில் சிறு விதைகளை 1 சென்டிமீட்டருக்குமேல் புதைக்காமல், மேலே மெல்லிய வைக்கோல் பரப்பை இடுங்கள். வைக்கோலுக்குக் கரையான் வரும் என்று தயங்க வேண்டியதில்லை. வந்தால் கோழிக்கு அதைவிட நல்ல தீனி வேறு கிடையாது.

விதை அழுகியிருக்கிறது என்றால்

ஆழமாகப் புதைத்தது, ஐப்பசி அடைமழையில் நீர் தேங்கியது, விதை பழையது என்ற வரிசையில் ஐயப்படுங்கள். விதை பழையதா என்று அறிய, மீதமிருக்கும் விதையில் 50 எண்ணி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். தட்டைப்பயற்றிலும் கம்பிலும் ஐந்தாம் நாள் 35க்குக் குறைவாக முளைத்திருந்தால் விதையைக் கோழிக்கே போட்டுவிடலாம். ஆனால் மருந்து தடவி விற்ற, சாயமேறிய விதையை ஒருபோதும் கோழிக்குப் போடக்கூடாது.

இத்தனையும் சரியாக இருந்தும் அதே பாத்தியில் இரண்டாம் முறையும் முளைப்பு தவறினால் மண்தான் மாறவேண்டும். உரிய அனுமதியோடு எடுத்த கண்மாய் வண்டலை ஒரு டிராக்டர் அளவு இறக்கிச் சாணி எருவோடு கலந்து பரப்புவது செலவுதான் என்றாலும், அதன் பயன் பல ஆண்டு நிற்கும். அதற்கு முன்பாக மண்ணையும் போர் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். எங்கே கொடுப்பது, எப்படி மாதிரி எடுப்பது என்பதைக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தண்ணீர் உப்பாக இருந்தால் வண்டல் செலவும் வீணாகும்.

அறிகுறி 2: நன்றாக முளைத்தது, கோழியை விட்ட சில நாளில் மொட்டைத் தரையாகிவிட்டது

பலர் இதைக் கோழியின் குணம் என்று விட்டுவிடுகிறார்கள். கோழி கிளறும் என்பது உண்மையே. ஆயினும் கிளறியதால் அழிந்த பச்சையைவிட, வேர் பிடிக்குமுன் கோழியை இறக்கியதால் அழிந்த பச்சையே அதிகம்.

முதல் சோதனை: இழுத்துப் பார்த்தல்

கோழி கொத்தி இழுப்பதைப்போல ஓர் இலையின் நுனியை இரண்டு விரலால் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். இலை கிழிந்து கையோடு வந்தால் செடி வேர்பிடித்துவிட்டது. செடியே வேரோடு வந்தால் இன்னும் காலம் இருக்கிறது. பத்து இடங்களில் இழுத்துப் பார்த்து, ஒன்றிரண்டுக்குமேல் வேரோடு வந்தால் படலைத் திறக்காதீர்கள். நாள் கணக்கு சொல்லும்படி கேட்பவர்களுக்கும் நான் இந்தச் சோதனையையே சொல்வேன்; ஏனென்றால் நல்ல மழையில் நான்கு வாரத்தில் பிடிக்கிற வேர், மழை தவறிய ஆண்டில் ஏழு வாரமாகியும் பிடிப்பதில்லை. வேலிமசாலுக்கு மட்டும் இது பொருந்தாது. அதை முதல்முறை சுமார் 90 நாளில் அரை மீட்டர் உயரத்துக்கு வந்தபின் அறுத்துத்தான் போடவேண்டும். அதற்குள் கோழி உள்ளே போனால் தண்டு நிமிராது.

வேர் பிடித்தும் அழிகிறது என்றால்: இடமும் நேரமும்

ஒரு சென்ட், அதாவது ஏறத்தாழ 435 சதுர அடிக்கு எட்டுக் கோழிக்குமேல் இருந்தால் எந்தப் பச்சையும் தாங்காது என்பது என் கணக்கு. அந்த ஒரு சென்ட்டையும் ஒரே வெளியாக விடாமல் மூன்றாகப் பிரித்து, ஒன்றில் கோழி மேயும்போது மற்ற இரண்டும் அடைத்துக் கிடக்க வேண்டும். பச்சை அரைச்சாண் உயரத்துக்கு மேல் வந்ததும் திறப்பது, மூன்று விரல் உயரத்துக்கு இறங்கியதும் மூடுவது என்ற இரண்டு அளவுகளை மட்டும் கடைப்பிடித்தால் போதும். மழைக்காலத்தில் மூடிய பாத்தி மூன்று நான்கு வாரத்தில் எழுந்துவிடும். தை பிறந்த பிறகு அது ஆறு வாரமாக நீளும் என்பதை இப்போதே கணக்கில் வையுங்கள்.

நாள் முழுவதும் பாத்தியிலேயே விட்டுவைப்பதும் ஒரு காரணமாகும். காலையில் கூட்டிலிருந்து இறங்கியதும் தானியத்தைக் கொடுத்து, மாலை நான்கு மணிக்குமேல் இருட்டும்வரை மட்டும் பாத்தியைத் திறந்தால், கோழி மேயுமே தவிர, வேலையற்று ஒரே இடத்தைக் குழிபறிக்காது. குழிபறித்து மண்ணில் புரள்வது அதன் உடல்தேவை. அதைத் தடுக்க முடியாது. கூட்டுக்கருகில் நிழலில் சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழியை நீங்களே ஒதுக்கிக் கொடுத்தால் பாத்தி பிழைக்கும்.

கூட்டை ஒட்டிய பகுதி மட்டும் அழிகிறது என்றால்

வாசலிலிருந்து பத்தடி வரை எந்தச் செடியும் நிற்காது. அங்கே விதைப்பதை நிறுத்திவிட்டுச் சரளையோ வைக்கோலோ பரப்புங்கள். வாசலை மாற்றி மாற்றித் திறக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது.

அப்படியும் தாங்கவில்லை என்றால்: கம்பிவலைச் சட்டம்

அரையடி உயரமுள்ள பலகைச் சட்டம் அடித்து, மேலே ஓரங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை இழுத்துக் கட்டி, அதை விதைத்த பாத்தியின்மேல் வைத்துவிட வேண்டும். வலைக்குமேல் நீட்டும் பச்சையை மட்டும் கோழி கொத்தும். வேரும் அடித்தண்டும் தப்பும். தண்டுக்கீரை, கம்பு, நரிப்பயறு மூன்றும் இதற்கு ஏற்றவை. பழைய வீடு பிரித்த மரச்சட்டங்கள் நம் ஊர்களில் கிடைப்பதால் வலைக்கு மட்டுமே காசு. கோழி ஏறி நிற்கும் என்பதால் நடுவில் ஒரு குறுக்குக் கட்டை அவசியம். இல்லாவிட்டால் வலை தொய்ந்து செடியை நசுக்கும்.

அறிகுறி 3: செடி மஞ்சளாகிறது

எந்த இலை மஞ்சள் என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அடியிலைகள் முதலில் மஞ்சளாகின்றன

பாத்தியில் நீர் தேங்கியிருந்தால் வடிகால் வெட்டுங்கள். நான்கைந்து நாளில் தெளியும். நீர் தேங்கவில்லை என்றால் தழைச்சத்துக் குறைவு. மக்கிய எருவைத் தூவிக் கொத்திவிட்டால் போதும். தட்டைப்பயற்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்: சிறு முடிச்சுகள் இருந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது தன் சத்தைத் தானே தேடிக்கொள்கிறது. முடிச்சே இல்லாவிட்டால் அடுத்த விதைப்பில் ரைசோபியம் என்னும் வேர்முடிச்சு நுண்ணுயிர் உரத்தை ஆறிய வடிகஞ்சியில் கலந்து விதையில் தடவி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி விதையுங்கள்.

நுனியிலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இதைப் புரிந்துகொள்ள நம் வீடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். பழைய வளவு வீடுகளில் சுவர் இடிந்தாலோ புதுப்பித்தாலோ, சுண்ணாம்புக் காரையும் உடைந்த ஓடும் கொல்லையில்தான் கொட்டப்படுகின்றன. அந்தச் சுண்ணாம்பு பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்து, செடிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் செய்துவிடுகிறது. ஒரு கைப்பிடி மண்ணை உலர்த்தி, அதன்மேல் எலுமிச்சைச்சாறு பிழியுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. முதல் தீர்வு, இடத்தை ஒரு பத்தடி தள்ளிப் பார்ப்பது. வேறு இடமில்லை என்றால், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலையில் தெளித்து, பத்து நாளுக்குப் பின் மறுமுறை தெளிக்கலாம். தெளித்த பச்சையில் ஒரு வாரத்துக்குக் கோழியை விடாதீர்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், செங்கல் வரம்பு கட்டி ஓரடி உயரத்துக்கு வெளிமண் நிரப்புவதுதான்.

மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக

இது பயறு வகைகளில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல். மருந்து கிடையாது. தெரிந்த அன்றே செடியைப் பிடுங்கிக் கோழிக்குப் போடுங்கள், கோழிக்குத் தீங்கில்லை.

இலை ஓரம் கருகி மஞ்சளாகிறது

புதுக் கோழி எச்சத்தை நேராக இட்டிருப்பீர்கள், அல்லது தண்ணீர் உப்பு. எச்சத்தை வைக்கோலோடு சேர்த்து இரண்டு மூன்று மாதம் மக்கவைத்த பின்பே இடவேண்டும்.

அசுவினி மொய்த்திருந்தால், நீரைப் பீச்சி அடிப்பதும் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதும் போதுமானவை. கோழி மேயும் பாத்தியில் பூச்சிக்கொல்லி மருந்துக்கு இடமே இல்லை என்பதில் நான் பிடிவாதக்காரன். பக்கத்து வயலில் மருந்தடிக்கும் நாளிலும் கோழியைக் கூட்டிலேயே வையுங்கள்.

அறிகுறி 4: பச்சை செழித்து நிற்கிறது, கோழி அந்தப் பக்கமே போவதில்லை

தண்டைக் கிள்ளிப் பாருங்கள். நகத்தால் கிள்ள முடியாத அளவுக்கு முற்றியிருந்தால் கோழி தொடாது. கம்பு நேப்பியர், சோளம் போன்ற மாட்டுத் தீவனங்களை விதைத்துவிட்டுக் கோழி தின்னவில்லை என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, தழைத்து வரும் இளந்தளிரில் கோழியை விடலாம். ஆனால் சோளத்தில் அதையும் செய்யக்கூடாது. இளஞ்சோளத்திலும் வாடிய சோளத்திலும் நஞ்சு ஏறும் என்பது ஆடு மாடு வைத்திருப்பவர்கள் அறிந்ததே.

பச்சை இளசாகவே இருந்தால் மேலே அண்ணாந்து பாருங்கள். பருந்து வட்டமிடும் திறந்த வெளியில் கோழி கூட்டைவிட்டு நகராது. கூட்டிலிருந்து பாத்தி வரை இடையிடையே கீற்றுப் பந்தலோ முருங்கைப் போத்தோ நட்டு, பதினைந்தடிக்கு ஓர் ஒதுங்குமிடம் அமைத்துக் கொடுத்தால் மேய்ச்சல் தானாகப் பரவும். கோழி கூட்டருகே தானியம் தின்று வயிறு நிறைந்திருப்பதும் காரணமாகலாம். மதிய இரையை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள்.

அறிகுறி 5: மாசிக்குப் பின் எல்லாம் காய்ந்துவிடுகிறது

இதைக் குறை என்று சொல்வதே சரியில்லை. நம் மழையின் பெரும்பகுதி புரட்டாசி முதல் கார்த்திகை வரை பெய்து முடிந்துவிடுகிறது. மானாவாரிப் பச்சையைப் புரட்டாசியில் விதைத்துத் தையில் முடித்துக்கொள்வதே இயல்பு. ஆடிப்பட்டம் கிணற்றுப் பாசனம் உள்ளவர்களுக்கு. கோடைக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

செலவில்லாதது முருங்கை; வாரமிருமுறை கொத்தாக ஒடித்துக் கட்டித் தொங்கவிட்டால் கோழி உருவித் தின்னும். அடுத்தது வேலிமசால்: முதல் ஆண்டு வேரூன்றிவிட்டால் மறு ஆண்டுக் கோடையில் சிறிது நீரிலேயே 40 நாளுக்கு ஒருமுறை அறுப்புத் தரும். குதிரைமசாலை (லூசர்ன்) இந்தச் சரளை மண்ணில், இந்த வெயிலில் வளர்க்கும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. அகத்தியையும் சூபாபுலையும் (சவுண்டல் மரத்தழை) ஆட்டுக்கு விட்டுவிடுங்கள்; கோழிக்கு, அதிலும் குஞ்சுகளுக்கு, அவை ஒத்துவராது.

நீரில் மிதந்து வளரும் பெரணியான அசோலாவைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் பங்குனியில் அது செங்கல் நிறமாகிச் சுருங்குவதைப் பார்ப்பார்கள். முதலில் நிழல்வலை கட்டுங்கள்; பிறகு நெருக்கத்தைக் குறைக்கப் பாதியை அள்ளிக் கோழிக்குப் போடுங்கள்; அதற்கும் தேறாவிட்டால் நீரில் கால்பங்கை மாற்றிச் சாணிக்கரைசலும் ஒரு சிட்டிகை சூப்பர் பாஸ்பேட்டும் சேருங்கள். நாற்றம் அடித்தால் தொட்டியைக் கழுவி மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை.

கோடைப் பயிர் எது என்பதில் ஐயம் இருந்தால், செட்டிநாட்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வறண்ட நில வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இதே மண்ணில், இதே வெயிலில் வேலை செய்பவர்கள் என்பதால், விதைக்கடையில் கேட்பதைவிட அங்கே கேட்பது மேல்.

அறிகுறி 6: பச்சை மேய்ந்த கோழியிடம் மாற்றம் தெரிகிறது

எச்சம் பச்சையாகவும் சற்று இளக்கமாகவும் இருக்கிறது, கோழி சுறுசுறுப்பாக இருக்கிறது என்றால் அது கீரையின் நிறமே. ஒன்றும் செய்ய வேண்டாம். முட்டையின் மஞ்சள் கரு வெளிறியிருந்தால் பச்சை போதவில்லை. முருங்கை கொடுத்துப் பத்துப் பதினைந்து நாள் பொறுத்துப் பாருங்கள். ஓடு மெலிந்தால் கிளிஞ்சலைப் பொடித்துத் தனிக் கலத்தில் வையுங்கள். பருப்புக்கீரையும் தண்டுக்கீரையும் மட்டுமே பச்சையாக இருக்கும் மாதங்களில் இது கட்டாயம். முட்டை குறைந்தால் தானியத்தைக் குறைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். பச்சை துணை உணவுதான்; அதை நம்பி இரையை நிறுத்த முடியாது.

விடியற்காலையில், இரை போடுமுன், கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். இரவு செரித்துக் காலியாகியிருக்க வேண்டும். கெட்டியாக உருண்டிருந்தால் நீளமான புல்நார் அடைத்திருக்கிறது. இரையை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, அலகில் சில துளி நல்லெண்ணெய் விட்டு, இரைப்பையை மெதுவாக நீவிவிடலாம். தலைகீழாகப் பிடித்துக் கக்க வைப்பது மூச்சுக்குழலில் புகுந்து கொன்றுவிடும், அதைச் செய்யாதீர்கள். ஒரு நாளில் இளகாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும். இனி, அறுத்துப் போடும் புல்லை ஓரங்குலத்துக்கு மேற்படாமல் நறுக்குங்கள்.

எச்சத்தில் இரத்தம் தெரிந்தாலும், பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்துத் திருகினாலும், இறக்கை தொங்கி மூச்சுத் திணறினாலும், ஒரே நாளில் இரண்டு கோழி செத்தாலும் பச்சையை ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. முதலாவது பெரும்பாலும் மழைக்கால ஈரத்தில் பரவும் இரத்தக்கழிச்சல். கழுத்துத் திருகுவது வெள்ளைக்கழிச்சலுக்கு உரிய குறி. நோய்ப்பட்டதைப் பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்து, மேய்ச்சல் பாத்தியை அடைத்துவிட்டு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். அல்லது 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேளுங்கள். செத்த கோழியை உடனே எறிந்துவிடாமல், பையிலிட்டுக் கட்டி, பிரேதப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்ட பிறகு சுண்ணாம்பிட்டு ஆழப் புதைக்கவேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்குக் கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இருவாரத் தடுப்பூசி முகாமில் எல்லாக் கோழிகளுக்கும் ஊசி போட்டிருந்தால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் விடை இருக்கும்.